தரையிறங்கக் கற்ற வரலாறு

1903ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 17ஆந் திகதி அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரை மணலில் றைற் சகோதரர் இருவரும் மாறிமாறி நான்கு முறை ஆகாயத்திற் பறந்தனர். முதன்முறை ஓவில் பறந்தது 12 விநாடி. கடந்த தூரம் 120 அடி. இது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. நான்காம் முறை வில்பர் 59 விநாடி பறந்து 852 அடி கடந்தார் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நான்காவது பறப்பு எவ்வாறு முடிந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. மேலுங்கீழுமாக அலைந்து சென்ற விமானம் தலை தாழ்ந்து மணலில் மோதிற்று. முன்புறத்து ஏற்றத்தகட்டைத் தாங்கிய சட்டம் முறிந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எல்லோரும் பேசிக்கொண்டு நிற்கையில் வலிய காற்றொன்று வீசி விமானத்தைப் புரட்டிப் புரட்டி உருட்டிற்று. அவ்விமானம் அதன்பின் ஒருபோதும் பறக்கவில்லை. மூன்று நாட்களுக்கு முன், 14ஆந் திகதி, வில்பர் செய்த முயற்சியும் இவ்வகையிலேயே முடிந்தது. மூக்கை அளவுக்கு மேல் உயர்த்தியமையால் வேகங்குன்றி, மூன்றரை விநாடிக்குள் மணலில் விழுந்தார்.

ஆகவே இயந்திர விமானத்தின் வரலாறு தொடங்கிய அன்றே தரையிறங்கும்போது நேரும் விபத்தின் வரலாறும் தொடங்கிவிட்டது. அன்று விமானியும் மாணாக்கனும் ஒருவரே. கற்பிப்பதற்கு உலகத்தில் எவரும் இருக்கவில்லை.

றைற் சகோதரருக்கு முன்னோடியாய் விளங்கிய ஜேர்மானியர் ஒற்றோ லிலியந்தால், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முறை குன்றுகளிலிருந்து சறுக்குவிமானத்திற் பறந்தவர். அவருக்குச் சில்லும் இல்லை, சறுக்குக்கட்டையும் இல்லை. தம் இரு கால்களையே நிலத்தில் ஊன்றி இறங்கினார். காகமும் கொக்கும் இறங்கும் முறையை அவர் கூர்ந்து நோக்கியவர். பறவை நிலத்தை அண்மியதும் உடலை நிமிர்த்தி, இறக்கையைக் காற்றுக்கு எதிரே அகல விரித்து, வேகம் முழுவதையும் அந்த ஒரு கணத்திற் செலவழித்துவிட்டுக் காலை ஊன்றுகிறது. லிலியந்தால் செய்ததும் அதுவே. ஆனால் நிலத்துக்கு ஓர் அடி மேலே செய்தால் இறக்கமாகும் அச்செயல், ஐம்பது அடி மேலே நேர்ந்தால் மரணமாகும். 1896ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 9ஆந் திகதி உயரத்தில் வேகமிழந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த அவர் மறுநாள் இறந்தார்.

இந்த ஓரிடத்திற் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே அமைந்துள்ளது. இறக்கையைத் தாங்கி நிற்பது அதன்மேல் ஓடும் காற்று. வேகம் குறையக் குறைய, அதே பாரத்தைத் தாங்குவதற்கு இறக்கை தன் முன்விளிம்பை மேலும் மேலும் உயர்த்திக் காற்றை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்கோணத்துக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை கடந்தால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து குழம்பிவிடும். தாங்கும் ஆற்றல் திடீரெனக் குன்றும். அக்காலத்துச் சிறு விமானத்தைச் செவ்வையாகத் தரையிறக்குவதென்றால், இந்த எல்லைவரை வேண்டுமென்றே சென்று, எல்லையைத் தொடும் கணமும் சில்லுகள் புல்லைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்கும்படி செய்வதாகும். ஓரடி முந்தினால் விமானம் தொப்பென்று விழும். பிந்தினால் வேகம் மிஞ்சி நிற்க, நிலத்தில் மோதி மேலே துள்ளும். உயரே சென்றிருக்கும்போது எதனை அஞ்சி விலகவேண்டுமோ, அதனையே நிலத்தருகில் நாடிச் செல்லவேண்டும். கற்பவன் தடுமாறுவதில் வியப்பென்ன?

கண்ணும் அவனை ஏமாற்றுகிறது. புதிய மாணாக்கன் தன் சில்லுக்கு நேர்கீழே தெரியும் நிலத்தைப் பார்ப்பான். அங்கே புல்லும் கல்லும் கோடுகளாய் விரைந்தோடும். எத்தனை அடி உயரம் என்பது அவனுக்குப் புலப்படாது. துவிச்சக்கரவண்டி ஓட்டப் பழகும் சிறுவனை முன்சில்லைப் பார்க்காதே, தெருவைப் பார் என்று அதட்டுவது போல, விமான ஆசிரியரும் தொலைவில் உள்ள திடலின் எல்லையைப் பார் என்றே அன்றுதொட்டு இன்றுவரை அதட்டிவருகின்றனர். அன்றியும், இறக்கையின் நீளத்திற் பாதியளவு உயரத்துக்குள் வந்ததும் நிலத்தின் அண்மையாலேயே விமானம் சிறிது இலேசாகி மிதக்கத் தொடங்கும். இறங்கவேண்டிய வேளையில் அது இறங்க மறுப்பதுபோற் தோன்றும். மாணாக்கன் பொறுமையிழந்து அதனைக் கீழே அழுத்துவான். முரிந்த சில்லுகள் பலவற்றின் கதை இந்தப் பொறுமையின்மையில் தொடங்கியதே.

றைற் சகோதரர் 1910ஆம் ஆண்டு டேற்றன் நகருக்கு அருகே, தாம் முன்னர் பறந்து பழகிய புற்றரையில் விமானப் பள்ளி நடத்தினர். ஆசிரியரும் மாணாக்கனும் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்தனர். முறை நல்லதே. ஆனால் அதே காலத்தில் பிரான்சு தேசத்தில் வழங்கிய முறை முற்றிலும் வேறானது, கேட்பதற்கும் சுவையானது.

ஆங்கிலக் கால்வாயை 1909இற் பறந்து கடந்த புளேரியோ என்பாரின் விமானத்தில் ஒருவர்க்கே இடமுண்டு. ஆசிரியர் உடன் ஏறமுடியாது. ஆகவே பிரெஞ்சுக்காரர் ஓர் உபாயம் செய்தனர். இறக்கைகளைக் குறுக வெட்டி, மூன்று உருளைகளைக்கொண்ட சிற்றியந்திரம் ஒன்றைப் பூட்டி, எவ்வளவு முயன்றாலும் பறக்கமாட்டாத விமானத்தை உண்டாக்கினர். பறவாத பறவையாகிய பென்குவினின் பெயரை அதற்கு வைத்தனர். மாணாக்கன் தனியே அதில் அமர்ந்து, பெருந்திடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேராக ஓட்டவேண்டும். நேராக ஓட்டுவது எளிதன்று. சிறிது விலகினாலும் வால் சுழன்று முன்னுக்கு வர, விமானம் இருந்த இடத்திலேயே வட்டமிட்டு நிற்கும். திருவிழாக்களிற் சிறுவர் ஏறிச் சுற்றும் இராட்டினத்து மரக்குதிரையை நினைந்து, இச்சுழற்சிக்கு மரக்குதிரை என்றே பிரெஞ்சு விமானிகள் பெயரிட்டனர். பென்குவினை அடக்கியபின் சற்று வலிய விமானம் கிடைக்கும். அதில் நிலத்தைவிட்டு முழ உயரம் எழுந்து உடனே இறங்குவான். பின்னர் ஆளுயரம், பின்னர் பனையுயரம். நேர்கோட்டில் எழுவதும் இறங்குவதும் கைவந்த பிறகே திடலைச் சுற்றிவர விடுவார்கள். ஆசிரியர் எந்நேரமும் நிலத்தில் நின்று கூவிக்கொண்டிருப்பார். 1917இல் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்த இளைஞர் பலர் இம்முறையிலேயே பழகினர்.

பிள்ளையைக் கேணியில் இறக்கிவிட்டு, நீந்து என்று கட்டில் நின்று சொல்லும் முறை இது. எனினும் இதற்கு ஒரு சிறப்பிருந்தது. பிரெஞ்சு மாணாக்கன் முதலிற் கற்றதே இறங்குதல். பறத்தலை அவன் அதன்பின்னரே கற்றான். நொறுங்கிய பென்குவின்கள் பல. ஆனால் முழ உயரத்திலிருந்து விழுபவன் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவான். குறை எங்கேயென்றால், முதன்முறை உயரத்தில் திரும்பும்போது அவன் தன்னந்தனியன். அங்கே தவறு செய்தாற் திருத்துவார் இல்லை.

பிரித்தானியாவில் நிலைமை இதனினும் மோசமாயிருந்தது. முதலாம் மகாயுத்தம் மூண்டதும் விமானிகள் நூற்றுக்கணக்கிற் தேவைப்பட்டனர். போர்முனையில் அலுத்துக் களைத்தவர்களே ஓய்வுக்காகப் பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். கற்பித்தல் என்பது ஒரு தனித் தொழில் என்பதை எவரும் எண்ணவில்லை. மோறிஸ் பார்மன் என்னும் பெட்டிபோன்ற பழைய விமானங்களில், ஆசிரியரின் பின்னே ஒட்டியிருந்த மாணாக்கன், அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கட்டுப்பாட்டுத் தண்டைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. தண்டை முழுவதும் விட்டுக்கொடுக்க ஆசிரியர்க்கு மனம் வராது. சிலமணி நேரம் இவ்வாறு சுற்றித் திரிந்தபின், இனி நீ தனியே போ என்று விட்டுவிடுவார்கள். ஆசிரியர்கள் தம் மாணாக்கருக்கு வைத்த பட்டப்பெயர் ஹூணர் என்பது. ஜேர்மானியரைப் பழித்துரைக்க அக்காலத்தில் வழங்கிய சொல் அது. பகைவரைவிட மாணாக்கரே பிரித்தானிய விமானங்களை அதிகமாக அழிக்கின்றனர் என்பது அப்பகிடியின் பொருள்.

யுத்தத்தில் இறந்த பிரித்தானிய விமானிகளுட் பாதிக்கு மேற்பட்டோர் பயிற்சியிலேயே இறந்தனர் என்றொரு கூற்று நூல்களில் வழிவழியாக எழுதப்பட்டு வந்துள்ளது. பிற்கால ஆய்வாளர் அக்கணக்கை மிகையென்று தள்ளியுள்ளனர். தள்ளியபின் எஞ்சுவதும் சிறிய தொகையன்று. பகைவனை ஒருமுறையேனும் காணாமலே, தன் ஊர்த் திடலின் வேலியோரத்தில் உயிர்விட்ட இளைஞர் அவர்கள்.

இந்நிலையை மாற்றியவர் றொபேட் சிமித் பரி என்னும் அதிகாரி. 1914ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம், யுத்தம் தொடங்கிய சில நாட்களுக்குள், பிரான்சில் விமானம் விழுந்து அவர் கால்கள் முறிந்தன. உடன் சென்றவர் இறந்தார். சிமித் பரி பின்னர் வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். 1916இல் பிரான்சில் 60ஆவது விமானப்பிரிவுக்குத் தலைமை வகித்தபோது, சிலமணி நேரமே பறந்து பழகிய பையன்கள் தம்மிடம் வந்து சேர்வதையும், வந்த சில நாட்களில் இறப்பதையும் கண்டார். மேலதிகாரிகளுக்குக் கடிதத்துக்கு மேற் கடிதமாக எழுதினார். குறை கூறுபவனையே அக்குறையைத் தீர்க்க அனுப்பும் வழக்கம் இராணுவத்திலும் உண்டுபோலும். 1916 டிசெம்பரில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கொஸ்போட் என்னும் ஊரின் பயிற்சிப் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் அது ஆசிரியர்களையே பயிற்றும் சிறப்புப் பள்ளியாயிற்று.

அவர் செய்த மாற்றங்களைக் கூறினால், இவ்வளவுதானா என்று தோன்றும். மாணாக்கனை முதல் நாளே விமானி அமரும் பின்னிருக்கையில் அமர்த்தினார். ஆசிரியர் முன்னிருக்கைக்குப் போனார். இருவர்க்கும் முழுக் கட்டுப்பாடு இருந்தது. இயந்திர இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேளாது; அதற்கு இறப்பர்க் குழாய் ஒன்றைப் பொருத்தி, ஆசிரியர் வாயிலிருந்து மாணாக்கன் காதுக்குக் குரலைக் கொண்டுசென்றார். தவறு நிகழும் அக்கணத்திலேயே, அது என்ன தவறு என்று சொல்ல முடிந்தது இதுவே முதன்முறை. கொஸ்போட் குழாய் என்ற பெயருடன் அக்கருவி அடுத்த மகாயுத்தம் வரை நின்று நிலவிற்று.

இவற்றிலும் பெரியது அவர் மனப்பாங்கு. அதுவரை, ஆபத்தான செயல்களை மாணாக்கன் செய்யலாகாது என்று தடுப்பதே ஆசிரியர் கடமையென்று கருதப்பட்டது. பக்கக்காற்றில் இறங்காதே, செங்குத்தாகத் திரும்பாதே, சுழலில் அகப்படாதே என்று கற்பித்தனர். சிமித் பரி இதைத் தலைகீழாக்கினார். ஆபத்தினுள் மாணாக்கனை ஆசிரியரே அழைத்துச் சென்று, அதிலிருந்து மீளும் வழியைக் காட்டி, மீண்டும் மீண்டும் அவனையே செய்யவைத்தல் வேண்டும் என்றார். சுழலில் விழுந்து மீளுதல், பக்கக்காற்றில் எழுந்து இறங்குதல், இயந்திரம் நின்றுவிட்ட விமானத்தை வயலில் இறக்குதல் யாவும் பாடங்களாயின. தனியே பறக்கத் தொடங்கியபின்னும் ஆசிரியர் இடையிடையே உடன்சென்று, ஊறிவிட்ட பிழைகளைக் களைந்தார்.

இதற்கு அவர் தேர்ந்துகொண்ட விமானம் அவ்ரோ 504. மெல்லிய கைக்கும் இணங்கும். தவறை உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் தவறியவனை எளிதிற் கொல்லாது. இரு சில்லுகளுக்கும் நடுவே முன்னோக்கி நீண்ட மரச்சறுக்கு ஒன்று அதற்கு இருந்தது. மூக்குக் குத்தவரும் மாணாக்கனை அச்சறுக்கு தடுத்து நிமிர்த்தும். அதன் இயந்திரமோ விசித்திரமானது. உருளைகள் யாவும் சுற்றும் வகையினதாகையால், விசையைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் வசதி மிகக் குறைவு. இறங்கும்போது, தண்டின் தலையிலுள்ள பொத்தானை அழுத்தி மின்பொறியை நிறுத்தியும் விட்டும், விட்டுவிட்டு உறுமும் இயந்திரத்துடன் வரவேண்டும். அக்காலத்து விமானத் திடல்களுக்கு அருகில் வாழ்ந்தோர் காதில் நெடுநாள் நின்ற ஓசை அதுவே.

கொஸ்போட் முறை விரைவிற் பிரித்தானிய விமானப்படை முழுவதற்கும் பரவிற்று, நேசநாடுகளும் ஏற்றுக்கொண்டன. ஆயினும் கண்ணுக்கும் கைக்கும் கற்பிக்கலாமேயன்றி, எதிர்பாராமையைக் கற்பித்தல் எளிதன்று. வேர்ணன் காசில் என்னும் நடனக்கலைஞரின் மரணம் இதற்கு ஒரு சான்று. ஆங்கிலேயராய்ப் பிறந்து, தம் மனைவி ஐரீனுடன் அமெரிக்க மேடைகளில் ஆடிப் பெரும்புகழ் பெற்றவர் அவர். யுத்தம் வந்ததும் மேடையை விட்டு விமானப்படையிற் சேர்ந்து, பிரான்சுப் போர்முனையிற் பறந்து, பின்னர் கனடாவிலும் அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்திலும் ஆசிரியரானார். கேட்டிஸ் ஜென்னி எனப்படும் அமெரிக்கப் பயிற்சி விமானத்தில் மாணாக்கன் முன்னும் ஆசிரியர் பின்னும் அமர்தல் வழக்கம். விமானம் மூக்குக் குத்தினால் முன்னிருப்பவனே இயந்திரத்துக்கும் நிலத்துக்கும் இடையில் நசுங்குவான். கனடாவில் நேர்ந்த ஒரு விபத்தில் முன்னிருந்த மாணாக்கன் இறந்து தாம் பிழைத்தமையால், காசில் அதன்பின் முன்னிருக்கையையே தமக்கென எடுத்துக்கொண்டார் என்று கூறப்படுகிறது. 1918 பெப்ரவரி 15ஆந் திகதி, ரெக்ஸாஸ் மாநிலத்துத் திடலுக்கு மேலே தாழப் பறக்கையில், எதிர்ப்பட்ட வேறொரு விமானத்தோடு மோதாதிருக்க அவர் தம் விமானத்தைச் சடுதியாக மேலே இழுத்தார். வேகம் போயிற்று, மீட்பதற்கு உயரம் போதவில்லை. பின்னிருந்த மாணாக்கன் பெருங்காயமின்றிப் பிழைத்தான். காசில் இறந்தார்; வயது 30. இருபத்தோராண்டு கழிந்து, 1939இல், பிரெட் அஸ்ரேரும் ஜிஞ்சர் ரொஜர்சும் நடித்த படமொன்று இத்தம்பதியின் கதையை உலகுக்குச் சொல்லிற்று.

யுத்தம் முடிந்தபின் சிறு விமானம் பொதுமக்கள் கைக்கு வந்தது. 1925இல் டி ஹவிலாண்ட் நிறுவனம் செய்த மொத் என்னும் விமானம், பிரித்தானியாவிலும் பின்னர் இந்தியாவிலும் பறப்புக் கழகங்கள் தோன்ற வழிகாட்டிற்று. 1935 நவம்பர் 27ஆந் திகதி இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானமும் அக்குடும்பத்தைச் சேர்ந்த பஸ் மொத் என்பதே. அதனை ஓட்டிவந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமை ஆசிரியர் ரிண்டல் பிஸ்கோ. இலங்கைத் தலைநகரின் விமானத் திடலை முதலிற் தொட்டவர் ஒரு பயிற்சி ஆசிரியர் என்பது பொருத்தமான நிகழ்ச்சியே.

1931இல் எழுந்த ரைகர் மொத், உலகப்புகழ் பெற்ற பயிற்சி விமானமாயிற்று. அதற்குத் தடுப்பான் இல்லை. வாலின்கீழ் ஒரு சறுக்குக்கட்டை மாத்திரமே. அது புல்லைக் கீறிக்கொண்டு செல்வதே வேகத்தைக் குறைக்கும். மூன்று புள்ளிகளும் ஒருங்கே நிலம் தொட இறக்குவதே சிறந்த இறக்கம் என மதிக்கப்பட்டது. தொட்டபின்னும் பாடம் முடிந்துவிடாது. இத்தகைய விமானத்தின் பாரமையம் முன்சில்லுகளுக்குப் பின்னே உள்ளது. மாட்டுவண்டியின் ஏர்க்காலைப் பிடித்துப் பின்னோக்கித் தள்ளியவர்க்கு இதன் தொல்லை விளங்கும். நேராகச் செல்லும்வரை செல்லும். சிறிது கோணினால், பாரம் முழுவதும் அக்கோணலைப் பெருக்கும். கண்மூடித் திறக்குமுன் வண்டி குறுக்கே நிற்கும். பிரெஞ்சுக்காரர் மரக்குதிரை என்றது இதனையே. இறக்கை நுனி நிலத்தில் உரசும், சில்லுத்தண்டு மடங்கும், விமானியின் முகம் சிவக்கும். உயிருக்குச் சேதம் நேர்வது அரிது. பயிற்சிப் பள்ளியின் கணக்குப் புத்தகத்துக்குத்தான் சேதம்.

வட்டமான புற்றிடல்கள் இருந்தவரை, காற்று எத்திசையில் வீசினாலும் அதற்கு எதிரே இறங்கலாம். கற்பாதையும் தார்ப்பாதையும் வந்தபின், பாதை கிடக்கும் திசையிலேயே இறங்கவேண்டியதாயிற்று. காற்று பக்கத்திலிருந்து தள்ளும் நாட்கள் பெருகின, மரக்குதிரையும் பெருகிற்று.

மாணாக்கனைத் திருத்துவதற்குப் பதிலாக விமானத்தைத் திருத்தினால் என்ன என்று கேட்டவர் பிரெட் வைக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். அமெரிக்க அரசாங்கத்தின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவர், நண்பர் சிலருடன் சேர்ந்து ஓய்வு நேரங்களில் ஒரு சிறு விமானத்தை உருவாக்கி 1934இற் பறக்கவிட்டார். வாற்சில்லை நீக்கி மூக்கின்கீழ் ஒரு சில்லை வைத்தார். பாரமையம் இப்பொழுது முதன்மைச் சில்லுகளுக்கு முன்னே வந்துவிட்டது. கோணலாகத் தொட்டாலும் பாரமே விமானத்தை நேராக்கும். முன்னே இழுக்கப்படும் வண்டிபோல அது தானாக வழிக்கு வரும். புதுமையென்று சொல்வதற்கில்லை. றைற் சகோதரரின் போட்டியாளராகிய கிளென் கேட்டிஸ் தொடக்க ஆண்டுகளிலேயே மூச்சில்லு விமானங்களில் இறங்கியவர். இடையில் உலகம் அதனை மறந்துவிட்டிருந்தது.

வைக் அடுத்துச் செய்த ஏர்கூப் என்னும் விமானம் இன்னுந் துணிவானது. அதற்குக் காலால் மிதிக்கும் சுக்கான் இல்லை. மோட்டார் வண்டியைப்போற் கைச்சில்லு ஒன்றே யாவற்றையும் திருப்பும். இறக்கை தாங்கும் எல்லையைக் கடக்குமளவுக்கு மூக்கை உயர்த்த இயலாதபடி வாற்றகடும் மட்டுப்படுத்தப்பட்டது. சுழலில் விழவே மாட்டாத விமானம் என்று 1940இல் அதற்கு அரசாங்க அனுமதி கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் பெரிய பலசரக்குக் கடைகளிற்கூட அதனை விற்றனர். 1946ஆம் ஆண்டில் மாத்திரம் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. சிமித் பரி ஆபத்தினுள் மாணாக்கனை அழைத்துச் சென்றார். வைக் அந்த ஆபத்தையே விமானத்திலிருந்து அகற்ற முயன்றார். இரண்டும் மாணாக்கனின் உயிரை எண்ணிச் செய்தவையே. ஆனால் வேகங்குறைந்த ஏர்கூப் விழாவிட்டாலும் விரைந்து அமிழும். நிலத்துக்குச் சற்று மேலே அவ்வாறு அமிழ்ந்தால், நெஞ்சில் அறையுமாப்போல் வந்து மோதும். இயற்கையோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் இவ்வாறு ஒரு சிறு வரி எஞ்சியே நிற்கிறது.

யுத்தத்துக்குச் சற்று முன்னரும் யுத்தகாலத்திலும் அமெரிக்க அரசாங்கம் நடத்திய குடிமக்கள் பயிற்சித் திட்டத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பறக்கக் கற்றனர். அவருட் பெரும்பாலோர் பழகியது வாற்சில்லுடைய மஞ்சள்நிறப் பைப்பர் கப் விமானத்தில். உட்கார்ந்து பழகிய முறையை விட்டுப் பிரிய எவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் 1951இற் பைப்பர் நிறுவனமே மூக்குச்சில்லுக்கு மாறிற்று. 1956இற் செஸ்னா 172உம், அதன்பின் அதனிலும் சிறிய செஸ்னா 150உம் விற்பனைக்கு வந்தன. செஸ்னா நிறுவனம் தன் முச்சில்லு அமைப்பு தானாகவே தரையிறங்குவது போன்ற பெயரொன்றைச் சூட்டி விளம்பரம் செய்தது. பறக்க விரும்பும் வியாபாரியும் வைத்தியரும் அதனை நம்பி வாங்கினர்.

மரக்குதிரை பெரிதும் அருகிற்று. அதன் இடத்தில் வேறொன்று தோன்றிற்று. வேகம் மிஞ்சி வரும் மாணாக்கன், மிதக்கும் விமானத்தைப் பொறுமையின்றி அழுத்த, மூக்குச்சில்லு முதலிற் தரையைத் தொடுகிறது. தொட்டதும் மூக்கு மேலே எறியப்படுகிறது. அவன் அஞ்சித் தண்டை முன்னே தள்ளுகிறான். விமானம் முன்னிலும் கடுமையாக மூக்கில் இறங்குகிறது. முன்னிலும் உயரத் துள்ளுகிறது. கடற்பன்றி அலைமேற் பாய்வது போன்ற இத்துள்ளலில், மூன்றாம் முறையோ நான்காம் முறையோ மூக்குச்சில்லு முறிய, சுழலியின் நுனிகள் தரையில் அடித்து வளைகின்றன. ஒவ்வொரு துள்ளலையும் அவன் அடக்கவே முயல்கிறான். ஆனால் அவன் கை வந்துசேரும் வேளை எப்பொழுதும் அரைக்கணம் பிந்தியது. ஆகையாற் துள்ளலை வளர்ப்பது அவன் கையே. பரிகாரம் ஒன்றே: தண்டைப் பிடித்த நிலையில் அசையாது வைத்து, இயந்திரத்துக்கு முழுவிசை கொடுத்து, மேலே எழுந்து இன்னொருமுறை சுற்றிவருதல்.

அதிலும் ஒரு கண்ணி இருந்தது. இறங்கும் விமானத்தின் இறக்கைக்குப் பின்னே, வேகத்தைக் குறைப்பதற்காக மடிப்புத்தகடுகள் தாழ்த்தப்பட்டிருக்கும். செஸ்னா 150இல் அவை 40 பாகைவரை தாழும். அந்நிலையில் அச்சிற்றியந்திரம் முழுவிசையில் இழுத்தாலும் விமானம் மிக மந்தமாகவே ஏறும். மரங்கள் நெருங்கக்கண்ட மாணாக்கன் தகடுகளை ஒரேயடியாக உயர்த்திவிட்டால், தாங்கிநின்ற ஆற்றல் சட்டென்று குறைந்து விமானம் அமிழும். கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்த வேண்டும் என்று ஆசிரியர்கள் ஓயாது சொன்னார்கள். 1977இல் செஸ்னா 150இன் இடத்தில் 152 வந்தபோது, நிறுவனம் தகட்டின் எல்லையை 30 பாகையாகக் குறைத்துவிட்டது. வைக்கின் வழி இது.

மற்றொரு வழி காதுக்கு. லெனாட் கிறீன் என்னும் அமெரிக்கர் 1940களில் அமைத்த எச்சரிக்கைக் கருவி, இறக்கையின் முன்விளிம்பிற் பொருத்தப்பட்டு, காற்றின் கோணம் எல்லையை அண்மியதும் ஒலியெழுப்பும். பயிற்சி விமானங்கள் பலவற்றில் இறங்கும் கடைசிக் கணத்தில் அவ்வோசை கேட்பதையே ஆசிரியர்கள் நல்ல இறக்கத்தின் அறிகுறியாகக் கொள்வர். அதே ஓசை திடலை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்திற் கேட்டால் அவர் கை தானாகவே தண்டுக்குப் பாயும். தரையைத் தொடும்போது நேரும் விபத்துக்கள் எண்ணிக்கையில் மிகப்பல. உயிரைக் கொள்வன அவற்றுட் சில. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தரைக்கு ஐந்நூறு அடிக்குள், பாதையைத் தாண்டிச் சென்றுவிட்ட மாணாக்கன் சுக்கானை மிகுதியாக மிதித்து, மூக்கை உயர்த்தி, அவசரமாகத் திரும்பும் அந்த வளைவே. லிலியந்தால் விழுந்த உயரமும் ஏறக்குறைய அவ்வெல்லைக்குள் அடங்கும்.

1951இல் இலங்கையின் விமானப்படை தோன்றியபோது, அதன் முதல் மாணாக்கர் பழகியது சிப்மங் என்னும் விமானத்தில். இரு இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்தவை. மூக்கிற் சில்லில்லை, வாலிற் சில்லுண்டு. பயிற்சி ஒழுங்கு கொஸ்போட் வழிவந்த பிரித்தானிய ஒழுங்கே. ஆசிரியரும் மாணாக்கனும் திடலைச் சுற்றிச் சுற்றி எழுந்து இறங்குவர். ஒருநாள், வழக்கம்போல ஒருமுறை இறங்கி விமானம் நின்றதும், ஆசிரியர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லாமலே கச்சையைக் கழற்றி, வெற்றிருக்கையின் வார்களை மாணாக்கன் கையில் தடக்காதவாறு கட்டிவைத்துவிட்டு, கீழே இறங்கி நடந்துவிடுவார். ஆசிரியரின் பாரம் நீங்கியமையால் விமானம் அன்று விரைவில் எழும். இறங்கும்போது நெடுநேரம் மிதக்கும். திடலின் ஓரத்தில் நிற்கும் ஆசிரியர் அது தரையைத் தொடும்வரை வேறெங்கும் பாரார்.